எழுத்துப்பிழை மட்டும் என் பெயரில்

எனக்கு நானே சுழி போட்டுக்கொண்டேன். அதைப் பிடித்து இழுத்ததில்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது.

மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது டீச்சர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்னண்ணே இது? உங்க பேருக்கு நேரா நீங்களே சைபர் போட்டிருக்கீங்க?"

நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. நான், என் மச்சினன், தையல்கடை அக்கா. கிடங்குச் சரக்கை லாரியில் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்பும் கணக்குக்கு மூவரும் சேர்ந்து கணினிக்கு ஒரு நிரல் எழுத வேண்டும். அது முடிந்ததும் ஆளுக்கு முப்பது புள்ளி கொடுத்து, யார் எவ்வளவு உழைத்தார்களோ அதற்குத் தக்கபடி மூவருக்கும் பிரித்துப் போடச் சொல்லியிருந்தார். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. மூன்று தாளையும் கூட்டி இருபதைத் தொடாதவர் பெயில்.

நான் மற்ற இருவருக்கும் பதினைந்து பதினைந்தாகப் போட்டுவிட்டேன். பரிமாறுகிறவன் தன் தட்டில் முதலில் அள்ளிக்கொள்வானா? எனக்கு அவர்கள் போடுவார்கள் என்று நினைத்தேன்.

"யாருன்னு சொல்லக் கூடாது. ஒருத்தர் பத்து போட்டிருக்காங்க. இன்னொருத்தர் சைபர்" என்றார் டீச்சர். "மொத்தமே பத்துதான் உங்களுக்கு."

அக்காவாகத்தான் இருக்கும் சைபர் போட்டது என்று அந்த நிமிடம்கூட நினைத்தேன். என் புத்தி அப்படி.

நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. முப்பத்தெட்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். போன வருடம் மருத்துவர் முதுகைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி சுமை தூக்கினால் படுக்கைதான் என்றார். கிடங்கில் சரக்கு பதியும் கணினிக்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஓர் இடம். இந்த வகுப்பில் தேறியிருந்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை.

மச்சினன் அதே கிடங்கின் வாசலில் நின்று, வந்து போகும் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறான். "எனக்கு அந்த வேலை எதுக்கு மாமா? உங்களுக்குத் துணையா வர்றேன்" என்று சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தான். கணினி அவனிடம் இருந்தது. என்னிடம் நோட்டு இருந்தது. நான் கையால் எழுதி, தாளைக் கிழித்து வாராவாரம் கொடுப்பேன். அவன் தட்டச்சு செய்வான். அக்கா திரையில் தெரியும் பக்கங்களைச் செய்தார்.

டீச்சர் தன் கணினியைத் திறந்து காட்டினார். எந்த வரியை யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்று அதுவே வரலாறு எழுதி வைக்குமாம். அக்கா பத்தொன்பது முறை. மச்சினன் நாற்பத்தொரு முறை. என் பேச்சு ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. 'மாமா செய்த எழுத்துப்பிழை திருத்தப்பட்டது.'

சரக்கு தீர்ந்தால் 'இருப்பு இல்லை' என்று வர வேண்டும். நான் 'இறுப்பு' என்று எழுதியிருந்தேன். இந்த ர, ற இரண்டும் இன்றைக்கும் எனக்குப் பங்காளிச் சண்டைதான்.

மூன்று மாதம் எழுதியதெல்லாம் அவன் பெயரில். பிழை மட்டும் என் பெயரில். முதுகில் குத்தினான் என்பார்கள். குத்துவதற்கு அவனுக்குக் கிடைத்தது ஏற்கெனவே போன முதுகு.

"பிழை உங்களுதுன்னா எழுதினதும் நீங்கதானே?" டீச்சர் கூர்மையானவர். "சனிக்கிழமை மூணு பேரையும் தனித்தனியா வாயால விளக்கச் சொல்றேன். எழுதினவங்களுக்குத்தான் காரணம் தெரியும்."

சனிக்கிழமை மதியம் அக்கா முதலில் முடித்துவிட்டுப் போனார். அடுத்து மச்சினன். கதவு சாத்தவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"கடைங்களோட பட்டியலைப் பின்னாலேருந்து ஏன் எடுக்கறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"லாரி கடைசியா எந்தக் கடைக்குப் போகுதோ அந்தச் சரக்குதான் மொதல்ல ஏறணும், டீச்சர். இல்லேன்னா மொதக் கடை வாசல்ல நின்னுக்கிட்டு மொத்த லாரியையும் கவுக்கணும். கடைசியில ஏறினவன்தான் மொதல்ல எறங்குவான், பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கறவன் மாதிரி."

படிக்கட்டில் தொங்குகிறவன் என் உவமை. என் வீட்டு மேசையில், என் பெண்சாதி ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு கேட்டவன், சிரிப்பைக்கூட நான் சிரிக்கும் இடத்தில்தான் வைத்தான். எழுதியதை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்திருப்பேன். வாயிலிருந்த சொல்லையும் அல்லவா உருவிக்கொண்டான்!

என் முறை வந்தது. டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார்.

"அவன் சொன்னதுதான் டீச்சர்."

"அவர் சொன்னதை நீங்க திருப்பிச் சொன்னா நான் எப்படி நம்பறது? நீங்க எழுதின தாளாவது இருக்கா?"

"அவன்கிட்ட."

தன் முறை முடிந்தும் போகாமல் உள்ளேயே நின்றிருந்த மச்சினன், "அந்தக் குப்பையெல்லாம் அப்பவே போட்டாச்சு மாமா" என்றான். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

டீச்சர் பலகையைத் துடைத்தார். "புதுசா ஒண்ணு கேக்கறேன். லாரி போற வழியில ஒரு கடை பூட்டிக் கிடக்கு. அந்தச் சரக்கு கதவை மறிச்சுக்கிட்டு நிக்குது. அடுத்த கடைக்கு எப்படிக் கொடுப்பீங்க? தம்பி, நீங்க சொல்லுங்க."

"அந்தக் கடையைப் பட்டியல்லேருந்து எடுத்துரலாம்."

"பட்டியல்லேருந்து எடுத்தா சரக்கு லாரியிலேருந்து போயிருமா?"

டீச்சர் சாக்பீஸை என் பக்கம் நீட்டினார். நான் சாக்பீஸை வாங்கினேன். மறிக்கிற மூட்டையை இறக்கித் தரையில் அடுக்கணும். அந்தத் தரைக்கு இன்னொரு பட்டியல் வேண்டும். அடுத்த கடைக்கானதைக் கொடுத்துவிட்டு, அடுக்கியதை மேலேயிருந்து எடுத்துத் திரும்ப ஏற்றணும். பதினோரு வரி. எத்தனை வெயிலில் இதைச் செய்திருக்கிறேன்! கை தானாக எழுதியது. ஓர் எழுத்து தப்பாக விழுந்திருந்தது. டீச்சர் விரலால் அதைத் திருத்தினார்.

"வாய்மொழிக்குத் தனி மார்க் இருக்கு. அதையும் சேர்த்தா இருபது தாண்டிருச்சு, நீங்க பாஸ்" என்றார். பிறகு தணிந்த குரலில், "வரலாற்றுல இருக்கற பேரை என்னால மாத்த முடியாதுண்ணே. போட்ட புள்ளியையும் மாத்த முடியாது. அவரும் பாஸ்தான்."

பேருந்து நிறுத்தத்துக்கு அவனும் வந்தான்.

"கோவமா மாமா? கம்ப்யூட்டரு என்னுது, அதான் என் பேரைப் போட்டுக்கிச்சு."

"சைபரையும் கம்ப்யூட்டர்தான் போட்டுச்சா?"

அவன் செருப்பைப் பார்த்தான். "எனக்கும் அந்த வாசல்ல நின்னு நின்னு கால் போச்சு மாமா." நெருங்கி வந்தான். "திங்கக்கெழமை கிடங்குல அந்த வேலைக்கு நம்ம ரெண்டு பேரையும் கேள்வி கேப்பாங்களாம். அந்தப் பூட்டின கடைக் கணக்கை ஒரு தடவை சொல்லிக் கொடுங்களேன்."

"வீட்டுக்கு வா. நீ செஞ்சதை மொதல்ல உங்க அக்காகிட்ட சொல்லு. அவ முன்னாலயே சொல்லித் தர்றேன்."

பேருந்து வந்தது. அவன் ஏறவில்லை.

வீட்டில் என் பெண்சாதி கதவைத் திறந்தபடியே, உள்ளே விடாமல் கேட்டாள்: "தம்பி பாஸாயிட்டானா?"

"ஆயிட்டான்" என்றேன்.