நாற்றம் நின்ற இடம்

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. கழிமுகத்தின் வடகரையில் பதினொரு பேர் பாசி வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அண்ணியும் அவள் நாத்தனாரும் உண்டு.

வேறு கடலிலிருந்து கப்பலின் அடியில் ஒட்டி வந்த பாசி. மூன்றே வருஷத்தில் நண்டு வளைகளை மூடிவிட்டது. ஈரப்பாசியைப் பல் வைத்த வாரியால் இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் அன்று காண்ட்ராக்டர் காட்டியது, கரைச்சுவரோரம் இரண்டு மாதமாக மட்கிக் கிடந்த குவியல். மேலே வெள்ளைப் பொருக்கு. உள்ளே கரிய சேறு.

பொருக்கு உடைந்ததும் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. நாத்தனார் இன்னும் உள்ளே போனாள்.

"அண்ணி, நாத்தமே போயிடுச்சு."

"நீ சமைக்கிறதையே தாங்குன மூக்கு, இதைத் தாங்காதா?" என்றாள் அண்ணி.

நாற்றம் நின்றால் ஆபத்து தீர்ந்தது என்பது அவர்கள் எல்லோருடைய கணக்கு. அதை நம்பித்தான் தினமும் இறங்கினார்கள்.

அண்ணி திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் முகம் கவிழச் சரிந்துகிடந்தாள். பாசி ஏற்ற வந்திருந்த டிராக்டர்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி, காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"நாத்தம் போகலம்மா, மூக்கு செத்துப்போச்சு," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "அதுக்கப்புறம் அழுகின பாசியிலேர்ந்து வர்ற அந்த வாயு ஆளையே எடுத்துடும்."

புதன்கிழமை விடியலில் காண்ட்ராக்டர் அதே குவியலைக் காட்டினார்.

"வெறும் வயித்தோட வந்திருப்பா. அதான் மயக்கம்."

"வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் வந்தா," என்றாள் அண்ணி. "அவளே சமைச்சது."

"அதிகாரிங்க வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள இது காலியாகணும். முடியாதவங்க போகலாம். வெளிய நூறு பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களுக்கும் மூக்கு ஒண்ணுதான்."

டிராக்டர்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "நீங்க முன்னால இறங்குங்க சார். நாங்க பின்னாலயே வர்றோம்."

காண்ட்ராக்டர் பொருக்கைப் பார்த்தார். கால் ஓரடி பின்வாங்கியது.

அண்ணி வாரியை மணலில் குத்தி நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வாயு அளக்கும் கருவியும் முகமூடியும் வராமல் இறங்குவதில்லை என்று சொன்னார்கள். காண்ட்ராக்டர் யாருக்கோ போன் செய்தபடி காருக்குப் போனார்.

காற்று திரும்பி, குவியல் பக்கமிருந்து வீசியது.

"நாத்தம் அடிக்குதா?" என்று அண்ணி கேட்டாள்.

"அடிக்குது."

"அடிக்குது அண்ணி."

வரிசையின் கடைசி ஆள் சொல்லும்வரை காத்திருந்தாள். காற்று திரும்பும்போதெல்லாம் கேட்டாள்.

அன்று மாலைவரை கருவி வரவில்லை. ஆஸ்பத்திரியில் நாத்தனார் கண் திறக்கவில்லை. குவியலை யாரும் தொடவில்லை. மணலில் பத்து வாரிகள் நின்றன. பதினோராவது குவியலுக்குள் கிடந்தது.