மூன்று விசைப்பலகைகள்

தேனியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த பொன்னுராஜ் அண்ணாச்சிக்கு ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வாய்த்தது அந்த எண்பத்தெட்டாம் வருஷம்தான். ஒன்று சொந்தம், டாஸில் ஓடுவது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் தட்டலாம். மற்றது மதுரையிலிருந்து கர்ணன் விற்கக் கொண்டுவந்தது, யூனிக்ஸ். அதே மாதிரிப் பெட்டிதான், ஆனால் மூன்று விசைப்பலகை, மூன்று திரை, மூன்று பேர் சேர்ந்தே தட்டலாம்.

மண்டியில் கணக்குப் பார்த்த ஜெபராணி நான்கு மாதமாகத் தன்னந்தனியாக டாஸில் தட்டிய ஏழாயிரம் மூட்டைக் கணக்கையும் கர்ணன் பிளாப்பியில் எடுத்து யூனிக்ஸில் ஏற்றியிருந்தார். "எது வேகமோ அது இங்க இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. யூனிக்ஸ் இருந்தால் இன்னும் இரண்டு பேர் வேலைக்கு வருவார்கள். ஜெபராணி வலது மணிக்கட்டில் வலிக்காகச் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகலாம்.

அன்று வெள்ளிக்கிழமை.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆரம்பிங்கய்யா" என்றார் அண்ணாச்சி கர்ணனிடம்.

"சார், பேர்வரிசைப் பட்டியல யூனிக்ஸ் இன்னும் போட்டு முடிக்கல. அரை மணி நேரம் ஆகும்."

"ஆரம்பிச்சாப் போதும்ங்கிறேன்!"

உத்தமபாளையம் வியாபாரி உசேனுடைய மூட்டைகளையெல்லாம் இரண்டு கம்ப்யூட்டரிலும் தேடவிட்டார்கள். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாஸுக்கு நாற்பத்தொரு விநாடி. யூனிக்ஸுக்கு இரண்டரை நிமிஷம்.

"பொட்டியக் கட்டுங்க" என்றார் அண்ணாச்சி.

ஜெபராணிக்குப் பேசவே அலுப்பாக இருந்தது. பேசாவிட்டால் இதே நாற்காலிதான்.

"அண்ணாச்சி, அது ஒரு வேலையில இருக்கும்போதே இன்னொண்ணு சொன்னீக. முடியவிட்டு மறுபடி பாருங்க."

"ராகு காலத்துலயா?"

"பன்னெண்டுக்கு மேல பாருங்க. கர்ணன் சாரும் இருப்பாக."

பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி பார்த்தார்கள். டாஸ் நாற்பத்தொன்று, யூனிக்ஸ் நாற்பத்தொன்பது.

"இப்பவும் நம்ம பொட்டிதானம்மா ஜெயிக்குது!"

"ஒருத்தி கேட்டா இதுதான் வேகம், அண்ணாச்சி. மூணு பேரு கேட்டா?"

மூன்று விசைப்பலகை முன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், அண்ணாச்சியும் ஒருவர். அவளும் கர்ணனும் வேறு இரண்டு பெயரைத் தட்டினார்கள். அண்ணாச்சிக்கு உசேன். மூவரும் சேர்ந்தே தட்டிவிட்டார்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் மூன்று திரையும் நிறைந்தது.

"இதையே டாஸுல கேக்கணும்னா?" என்றார் அண்ணாச்சி.

"ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காரணும் சார்" என்றார் கர்ணன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"மூணு ஆளுக்கு நான் எங்கன போவேன்? நீ ஒருத்தியே மூணு ஆளு வேல பாக்குறியேம்மா."

அவர் மெச்சித்தான் சொன்னார். அவளுக்கோ அந்த நான்கு மாதமும் ஒரே மொத்தமாக வந்து தோளில் உட்கார்ந்தது.

"பாத்தேன் அண்ணாச்சி. இனி ஒரு ஆளு வேலதான் பாப்பேன். அஞ்சரைக்கு எந்திரிச்சிருவேன். ஞாயித்துக்கெழம வர மாட்டேன். ரெண்டுல எது இருந்தாலும் சரி."

"கோவமா பேசுறியா?"

"கோவப்படத் தெம்பு இல்ல அண்ணாச்சி."

கர்ணன் குனிந்து வயரைக் கழற்றப் போனார். அண்ணாச்சி அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு திரையில் நின்ற உசேனுடைய மூட்டைகளைப் பார்த்தார்.

"கழட்டாதீங்க" என்றார். "போடியில என் மச்சான் மக ரெண்டு பேரு டைப் பாஸ் பண்ணிட்டுச் சும்மாத்தான் இருக்காளுக. வரச் சொல்றேன்."

ஜெபராணி தலையை மட்டும் அசைத்தாள். சோற்றுத் தூக்குச்சட்டியைத் திறக்க அவளுக்கு இடது கைதான் எழுந்தது.