மே பதினேழு லீவு

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நிறுவனத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். அக்கா மூச்சு வாங்க, கைப்பையை அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

விடுமுறைகளைக் கழித்து வேலை நாட்களைக் கணக்கிடும் நிரல் தொகுப்பு ஒன்றை அவள் எழுதிப் பொதுவில் விட்டிருந்தாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், எந்தக் கணினி மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம். அவள் பெயருள்ள உரிமக் குறிப்பு மட்டும் கூடவே போக வேண்டும். இந்த நிறுவனம் வேறொரு கணினி மொழிக்கு மாற்றிக்கொண்டு, பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு, சொந்தச் சரக்குபோல விற்றுக்கொண்டிருந்தது.

"முழுக்க எங்க பசங்க எழுதினதுங்க," என்றார் மேலாளர், கூசாமல்.

"அப்ப அதுல மே பதினேழு ஏன் லீவு?" என்று கேட்டாள் தங்கை.

"ஏதாவது விசேஷமா இருக்கும். அதை வெச்சுத்தான் எங்க ஆபீஸுக்கே வருஷா வருஷம் அன்னைக்கு லீவு விடறோம்."

அவளுக்கு எழுந்து குதிக்கலாம்போல இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கே லீவு விட்டால் என்ன என்று, சோதித்துப் பார்க்க அவள் போட்ட தேதி அது. எடுக்க மறந்தே போயிருந்தாள்.

அக்கா கைப்பையிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மே பதினேழு. "அக்கா கல்யாணத்துக்கு நான் போட்ட லீவு அது," என்றாள் தங்கை. மேலாளர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்கே உங்க பேரைப் போட்டுடறோம்," என்றார் தங்கையிடம்.

"அதை அவ பார்த்துப்பா," என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா என் கல்யாண நாளுக்கு ஆபீஸையே மூடியிருக்கீங்க. ஒருத்தர்கூட ஒரு வாழ்த்து சொல்லலையே."