பதினொரு மணிக்கு வரச் சொன்னவர்

ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரிலிருந்த பிளக் வரை எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது.

"லைன்மேன் வூட்டுல ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லைங்களா?" என்றார் பெட்டி கொண்டுவந்தவர்.

இருந்தது. இருபது மீட்டர். போன மாதம் அரூர்ப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் படம் போட்டுக் காட்டுகிறேன் என்று எடுத்துப் போன பிரபாகர், அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நிர்மலா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "நாளைக்கு வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். இப்போது தன் பெட்டிக்கே ஒயர் இல்லாமல் கிடக்கிறார்.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி மாட்டினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது.

நிர்மலா கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கனமானதைத் தூக்கக் கூடாது என்று தர்மபுரி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எதிர் வூட்டுப் பையனைக் கூப்பிடறேன், செத்த இருங்க" என்று இவளும்தான் சொன்னாள். வாசல் வரை போய்த் திரும்புவதற்குள் டெலஸ்கோப்பையும் அதன் இரும்பு ஸ்டாண்டையும் மொட்டைமாடிக்கு ஏற்றியாகிவிட்டது. இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தவர், "நிர்மலா, ஒரு மாதிரி வருது" என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். மணி ஏழுகூட ஆகியிருக்கவில்லை.

மகன் கலைவாணன் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவன் மொரப்பூரில் இறங்க மூன்று மணியாகும். அதற்கப்புறம்தான் எடுக்க வேண்டும் என்று பிரபாகரின் அண்ணன் மாது சொல்லிவிட்டார்.

பந்தலில் ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுவதற்காக ஊர்த் தெருவிளக்கையெல்லாம் ஒரு மணி நேரம் அணைத்துப்போட்டு பிரபாகர் மெமோ வாங்கிய கதையை ஒருவர் சொன்னார். யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த மெமோவுக்குப் பதில் எழுதியது நிர்மலா. இவரை எழுத விட்டால் சனிக் கிரகத்தின் வளையத்தைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதியிருப்பார்.

பதினோரு மணி இருக்கும். தெருமுனையில் கலகலவென்று பேச்சுச் சத்தம் கேட்டது. நிர்மலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை. இவர் வரச் சொல்லியிருந்த சித்தேரி மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

சீருடையில் இருபத்திரண்டு பேர், கையில் சாப்பாட்டு டப்பாவோடு, ரெண்டு ரெண்டாக வந்தார்கள். முன்னால் வந்த பெண்பிள்ளை பந்தலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நமக்குப் பந்தலெல்லாம் போட்டிருக்காங்க!" என்றது.

பின்னால் வந்த டீச்சர் சுசித்ராவின் கண் ஐஸ் பெட்டியில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மலையில சிக்னல் இல்லைங்க" என்றார் மாதுவிடம். "சத்தியமா தெரியாதுங்க. நேத்து சாயங்காலம் அரூர்ல நேர்ல பாத்தப்பக்கூட, பதினொரு மணிக்கெல்லாம் வந்துடுங்கன்னு சொன்னாருங்க."

"சரி, தெரியாம வந்துட்டீங்க. கூட்டிட்டுப் போங்கம்மா. சாவு வூட்டுல புள்ளைங்களை நிக்க வெக்காதீங்க."

"மூணரைக்குத்தாங்க மலைக்குப் பஸ்."

மாது தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் பேச்சடங்கி வெயிலில் நின்றார்கள். யாரோ தண்ணீர்ச் சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நிர்மலா பெட்டிக்குள் பார்த்தாள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக இந்தப் பிள்ளைகள் பேச்சுத்தான். "மலையில லைட்டே கிடையாது நிர்மலா, நட்சத்திரத்தை அதுங்க நம்மளவிட நல்லா பாத்திருக்கும். சூரியனைத்தான் பாத்திருக்காது." சூரியனை யாருங்க பாக்கல என்று இவள் கேட்டதற்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். அன்றைக்கு அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

வரச் சொல்வதெல்லாம் இவர். வந்தவர்களைப் பார்ப்பது யார்?

அவள் எழுந்தாள்.

"எங்கடி போற?" நாத்தனார் காசியம்மாள் கையைப் பிடித்தாள். "எடுக்கறவரைக்கும் தலமாட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது."

"மாடிக்கு."

"பைத்தியமா உனக்கு? சனம் என்ன பேசும்?"

"இருபத்தாறு வருசமா அவரு இழுத்துப் போட்டதையெல்லாம் நான்தான் அண்ணி முடிச்சு வெக்கறேன். இதையும் முடிச்சுட்டு வந்து உக்காந்துக்கறேன். விடுங்க."

காசியம்மாள் விடவில்லை. நிர்மலாதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். மாது ஏதோ சொல்ல வாயெடுத்து, தம்பியின் பெட்டியைப் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்திப் பிள்ளைகளுக்கு வழி விட்டார்.

மாடித் தரை கொதித்தது. டெலஸ்கோப் நடுவில் நின்றது. முன்பக்கத்து மூடியைக் கழற்றாமல்தான் வைத்திருந்தார். அந்த ஒரு விஷயத்திலாவது புத்தி இருந்திருக்கிறது.

"இந்தக் குழாய்ல ஒருத்தரும் கண்ணை வெக்கக் கூடாது" என்றாள் நிர்மலா. குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. "வெச்சா கண்ணு போயிடும். எல்லாரும் பின்னால நில்லுங்க. வெயிலு இந்த அட்டையில வந்து விழும். அட்டையை மட்டும் பாருங்க."

பதினோரு வருடமாக அட்டை பிடிப்பது அவள் வேலை. பாதிச் சமையலில் கூப்பிடுவார். முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடிப்பாள். குழாயைத் திருப்பும் விதமும் பார்த்துப் பார்த்தே படிந்திருந்தது. தரையில் விழும் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி வெறும் வட்டமாகும்வரை திருப்பினாள். மூடியை எடுத்தாள். வெள்ளை அட்டையைக் குழாயின் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

சின்னத் தட்டு அளவுக்குச் சூரியன் அட்டையில் விழுந்தது.

"ஐயோ!" என்றது ஒரு குரல்.

"அது என்னங்க கருப்பு கருப்பா? அழுக்குங்களா?"

"அழுக்கு இல்ல. சூரியன்லயே இருக்கற புள்ளி. ஒவ்வொண்ணும் நம்ம பூமியை உள்ள போட்டுக்கற அளவு பெருசு." அவர் சொல்லும் வார்த்தைகளே வந்தன. "எண்ணுங்க."

எண்ணத் தொடங்கினார்கள். அஞ்சு என்றது ஒன்று, ஏழு என்றது இன்னொன்று. சண்டை வந்தது. டீச்சர் சத்தம் போட்டார்.

கீழே மேளம் தொடங்கியது. சொந்தக்காரர்கள் யாரோ வந்து இறங்கியிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் ஓலம் மாடிவரை ஏறி வந்தது.

"அம்மா" என்றது பந்தலைப் பார்த்துச் சந்தோசப்பட்ட அதே பிள்ளை. "சூரியன் நடுங்குதுங்க."

நிர்மலா அட்டையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

சுடுகிற தரையில் அப்படியே உட்கார்ந்தாள். முழங்காலை மடக்கி, முழங்கையை அதன்மேல் ஊன்றி, அட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். வட்டம் ஒருமுறை அலைந்து நின்றது.

"நின்னுடுச்சு!"

இருபத்திரண்டு தலைகளும் அட்டையின்மேல் குனிந்தன. அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.