சக் தேய்த்த ஞாயிறு

அன்று கார் ஷெட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி மோகனப்பிரியா, கையில் காப்பி டம்ளருடன். பழைய மெஷின் வாங்கி விற்கும் உக்கடம் ஜபருல்லா பாய். அவருடைய மினி லாரி டிரைவர் கதிர். வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்ததால் இருந்தார் என்று சொல்வதே அதிகம். அப்புறம் இரும்பு கடையும் லேத். பாய் வந்தது அதை ஏற்றிக்கொண்டு போக.

சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பகலெல்லாம் தூங்கி, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்து, ஒரு நாள் நிறுத்திவிட்டேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. பாயிடம் இந்தப் பழைய லேத்தை வாங்கிச் சூலூர் வீட்டு கார் ஷெட்டில் இறக்கினேன். கார் தெருவுக்குப் போனது. காக்கைகள் அதற்கு வெள்ளையடித்தன.

லேத்தில் ஒரே கோளாறு. கம்பியைப் பிடிக்கும் சக்கில் மூன்று தாடைகள் இருக்கும். பட்டறையில் ஜா என்பார்கள். அவை வாய்ப்பக்கம் தேய்ந்துபோய், உள்பக்கம் மட்டும்தான் பிடித்தன. சுற்றவிட்டால் கம்பியின் வெளிமுனை ஆடும். நான் கடைந்த புஷ் வளையம் எதுவும் எந்த மோட்டாரிலும் உட்காரவில்லை.

பிரியா சண்டை போடுகிறவள் இல்லை. கெடு வைக்கிறவள். ஞாயிறு மதியத்துக்குள் ஆட்டம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லேத் பாயின் லாரியில் ஏறும், கார் உள்ளே வரும், நான் திங்கட்கிழமை பழைய மேனேஜருக்குப் போன் போட்டு நைட் ஷிப்டைத் திரும்பக் கேட்பேன். ஒத்துக்கொண்டேன். அந்த மேனேஜரின் குரலை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

மதியம் வர வேண்டிய பாய் காலையிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங் பாய், அத்தனை அவசரமா?"

"நீங்க தேய்க்கறேன்னு சொன்னீங்களே தம்பி. தேய்ச்சுப் பாழாக்கிப்போட்டா நட்டம் எனக்கல்லோ?"

மூன்று ஜாக்களையும் கல்லால் தேய்த்துச் சமமாக்குவதுதான் என் திட்டம். ஜா தளர்வாக இருக்கும்போது தேய்த்தால் பயனில்லை. கம்பியைப் பிடிக்கும்போது எப்படி இறுகி நிற்குமோ அப்படி நிற்க வேண்டும். ஆனால் கல் நுழைய நடுவில் இடமும் வேண்டும். பழைய பேரிங் ஒன்றிலிருந்து ஒரே அளவான மூன்று உருளைகளை எடுத்து, ஜாவுக்கும் ஜாவுக்கும் நடுவில் வைத்து இறுக்கினேன். பாய் டீயைக் கீழே வைத்தார்.

"அட, நல்லாருக்குதே. சுத்தறப்ப உருளை உழுவாதுங்ளா?"

"உழுந்தா என் காலுலதான் பாய். நீங்க அக்கட்ட நில்லுங்க."

கல் தூள் லேத்தின் மேல் படியாமலிருக்கப் பிரியா ஈரத் துண்டு விரித்தாள். அது என் துண்டு என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

சக் மெதுவாகச் சுற்றியது. கை கிரைண்டரை லேத்தின் நகரும் மேடையில் இறுக்கிக் கட்டியிருந்தேன். அதன் சின்னக் கல் உள்ளே போய்த் தொட்டது. முதலில் உள்பக்கம் மட்டும் பொறி பறந்தது. கல்லை முன்னும் பின்னும் நகர்த்தினேன். நகர்த்த நகர்த்தப் பொறி வாய்ப்பக்கம் வந்தது. பாய் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். இரண்டு ஜாக்கள் வாய்வரை பொறி கொடுத்தன. ஒன்று கொடுக்கவில்லை.

"அது மட்டும் மாப்பிள்ளை முறுக்குல இருக்குதுங். உடாதீங்க, இன்னொருக்கா போங்க" என்றார் லேத்தைத் தூக்க வந்த மனிதர்.

போனேன். கடைசியில் மூன்றும் கொடுத்தன. விட்டு விட்டு வந்த சத்தம் ஒரே இழையானது. பிரியாவின் காப்பியில் ஆடை படிந்திருந்தது.

ஜாக்களை அவை நுழையும் தடங்களான காடிகளிலிருந்து கழற்றி டீசலில் கழுவினேன். பாய்க்குச் சும்மா நிற்க முடியவில்லை. பனியன் வேஸ்ட் துணியை எடுத்துச் சக்கின் முகத்தைத் துடைத்தார். போன வாரம் ஆயுத பூஜைக்குப் பிரியா வைத்த சந்தனப் பொட்டுகள் மூன்று அதில் காய்ந்து ஒட்டியிருந்தன. அவற்றைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

"அம்மணி வெச்சது. நாம தொடப்படாதுங்."

எனக்குச் சாமி கிடையாது. ஆனால் பிரியா உண்டு. நானும் தொடவில்லை.

ஜாக்களை மாட்டி, கம்பியைப் பிடித்து, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயலை வைத்துச் சுற்றினேன். முள் ஆடியது. பழையபடியே, அதே திமிரோடு. வேறு கம்பி போட்டேன். அதற்கும் ஆடியது.

"கதிரு, கயித்த எடு" என்றார் பாய். குரலில் சந்தோஷம் இல்லை. கதிர் எழவுமில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேனேஜரின் நம்பர் போனில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

பிரியா சக்கின் முன்னால் குனிந்தாள்.

"ஏனுங்க, ஜாவுல ஒன்னு, ரெண்டு, மூணுன்னு நம்பர் அடிச்சிருக்குதே. எதுக்குங்க?"

"எது எந்தக் காடியில போகோணும்னு."

"காடியோட நம்பர் எங்கெ?"

நான் சக்கைப் பார்த்தேன். பாயும் பார்த்தார். காடிக்கு ஒன்றாக மூன்று பொட்டுகள் எங்களைப் பார்த்தன.

"அய்யோ! காடிப் பக்கத்துல சின்னச் சின்னப் பள்ளமா இருந்துச்சுங்க. பொட்டு வெக்கறக்குன்னே உட்டிருக்காங்கன்னு வெச்சுப்போட்டேன். நீங்க எப்புடித்தான் மாட்டுனீங்க?"

"குத்துமதிப்பா."

"நல்ல மதிப்பு! பாய், நீங்களாச்சும் தொடைச்சிருக்கலாமுல்ல?"

"உங்க ஊட்டுச் சாமி சமாச்சாரத்துல நான் கைய வெக்கறதுங்ளா அம்மணி?"

"சாமி படத்துல இருக்குதுங் பாய். இது சந்தனம்."

டீசலில் கட்டைவிரலை நனைத்து அவளே தேய்த்தாள். அடியிலிருந்து நம்பர் ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்று வந்தது. நான் ஒரு ஜாவைக்கூட அதன் காடியில் மாட்டியிருக்கவில்லை.

நம்பர் பார்த்து மாட்டினேன். சக்கைப் பிரியாதான் கையால் சுற்றினாள். முள் லேசாகத் துடித்தது. ஆடியது என்று எவனும் சொல்ல முடியாது.

"நிக்குது! மாமா, நிக்குதுங்க!"

பாய் தொடையில் தட்டினார். நான் சிரித்தேன் போலிருக்கிறது. அந்தச் சத்தத்தில் கதிர் விழித்துக் கயிற்றோடு ஓடி வந்தார்.

"ஏத்தலாங்களாண்ணா?"

பாய் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறியது.

"கார் தெருவுலயே கெடக்கட்டுங்க" என்றாள் பிரியா. "காக்காப் பீயக் கழுவறது உங்க சோலி."

மதியச் சோறு சாப்பிட வைத்துத்தான் பாயை விட்டாள். லாரியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"தம்பி, சக்குஞ் சரியாயிருச்சு. இப்பக் குடுத்தா நல்ல வெலை போகுமுங்க. ரோசிச்சுப் பாருங்களே?"

நான் யோசிக்கத் தொடங்கினேன். என் புத்தி அப்படி.

"போய்ட்டு வாங் பாய்" என்றாள் பிரியா. லாரி நகர்ந்ததும் கேட்டை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு முறை இழுத்தும் பார்த்தாள்.