மூன்றாம் பக்கத்து எச்சரிக்கை

அவளுக்குப் பாம்புக்காது என்று பேர் வைத்தது சூப்பர்வைசர். வைத்தபோது அது பாராட்டு. அந்தத் தொழிற்சாலையில் கையடக்க சிடி ப்ளேயர் செய்தார்கள். கடையில் வாங்கிய பாட்டு சிடியும் போடலாம், கம்ப்யூட்டரில் எம்பி3 ஃபைல்களை எழுதிய சிடியும் போடலாம் என்பதுதான் அதன் பெருமை. ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு! செய்து முடித்த ஒவ்வொரு ப்ளேயரையும் பெட்டியில் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் காதால் கேட்டுப் பார்த்தாக வேண்டும். அந்த ஒருத்தர் அவள்.

சோதனைக்கென்றே ஒரு சிடி இருந்தது. அதில் பன்னிரண்டு ஃபைல். முதலாவதில் இடது காதுக்கு மட்டும் ஒரு 'ஊ', இரண்டாவதில் வலது காதுக்கு. மூன்றாவது ஒரே உறுமல். நான்காவது மெல்லிய விசில். ஏறிக்கொண்டே போய் உச்சியில் ஊசியாகக் குத்தும். ஏழாவது பாட்டே கிடையாது, யாரோ டைப் செய்த கடிதம். ப்ளேயர் அதைக் கண்டு முழிக்காமல் தாண்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பதாவது வேண்டுமென்றே பாதியில் வெட்டிய ஃபைல். பன்னிரண்டாவதில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததில் ஏதாவது இரைந்தால் அந்த ப்ளேயர் தள்ளுபடி. ஒரு ப்ளேயருக்கு ஒன்றரை நிமிடம். ஒரு நாளைக்கு இருநூற்றெண்பது.

அத்தனையும் முழுச் சத்தத்தில். சத்தம் குறைவாக இருந்தால் கரகரப்பு ஒளிந்துகொள்ளுமாம். ப்ளேயருக்கும் இயர்ஃபோனுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருந்தது, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு குமிழ். முன்பு அந்த பெஞ்சில் இருந்தவர்கள் காது வலிக்கிறது என்று அதைத் திருகிக் குறைத்துவிட்டார்கள். அதனால் நிர்வாகம் குமிழைக் கடைசி எண்ணில் நிறுத்திப் பசை ஊற்றி ஒட்டிவிட்டது. இந்த மாதிரி காரியத்துக்கு மட்டும் அவர்களுக்கு மூளை பிரமாதமாக வேலை செய்யும்.

அடுத்த மேஜையில் பெட்டிக்குள் கையேடு வைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் அதை எடுத்துப் படித்திருக்கிறாள். மூன்றாம் பக்கம் முழுக்கப் பாதுகாப்பு. மூடியைத் திறந்து லென்ஸைத் தொடாதீர்கள். பேட்டரியை வெயிலில் வைக்காதீர்கள். இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு சாலையில் போகாதீர்கள். மாட்டுவதற்கு முன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். அதிகச் சத்தத்தில் நெடுநேரம் கேட்காதீர்கள். காதில் இரைச்சல் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அவள் படித்துவிட்டு அதை மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, மறுபடி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து இயர்ஃபோனை மாட்டிக்கொள்வாள். ஊருக்குத்தான் உபதேசம்.

நான்காவது வருஷம் இரைச்சல் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் இடது காதுக்குள் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி 'ஸ்...' என்று ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் தூங்கி எழுந்தால் நின்றது. பிறகு நிற்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை தொழிற்சாலையிலேயே காது பரிசோதனை உண்டு. முதலுதவி அறையில் நர்சம்மா ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள். சோதிக்கப்படுகிறவள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தம் எந்தக் காதில் கேட்கிறதோ அந்தப் பக்கக் கையைத் தூக்க வேண்டும். அந்த வருஷம் அவள் முறை வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பே போனவள் பக்கத்து பெஞ்சுக்காரி. எல்லாரும் அவளை நெட்டச்சி என்பார்கள். நெட்டச்சி கள்ளங்கபடம் தெரியாதவள். "இடது பக்கம் சரியா கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் அட்டைப்பெட்டி ஒட்ட ஆள் அதிகமாக இருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை போய் வழியனுப்பியது பாம்புக்காதுதான். வழியனுப்பிவிட்டு நேராகப் பரிசோதனைக்குப் போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள். எதிர்ச் சுவரில் மருந்து அலமாரி. கதவுக்குக் கண்ணாடி. கண்ணாடியில் நர்சம்மாவின் கட்டைவிரல் தெரிந்தது. விரல் இடது பொத்தானுக்குப் போனால் இடது கை, வலது பொத்தானுக்குப் போனால் வலது கை. அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கினால் சந்தேகம் வரும் என்று நடுவே இரண்டை வேண்டுமென்றே விட்டாள். 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் 'மிக நன்று'தான். ஒரு வருஷம் அந்த அலமாரியின் கண்ணாடி தூசி படிந்து மங்கிக் கிடந்தது. அவள் கைகள் இரண்டும் மடியிலேயே கிடந்தன. நர்சம்மா எழுந்து வந்தாள், ஒரு துணியால் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தாள், திரும்பிப் போய் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் மனசுக்குள் நர்சம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேலை எப்படி ஓடியது என்று கேட்டால், பழக்கத்தில் ஓடியது. அந்தப் பன்னிரண்டு ஃபைலும் அவளுக்கு மனப்பாடம். நான்காவது ஃபைலின் விசில் உச்சிக்குப் போகும் நேரம் வந்தால், காதில் விழாவிட்டாலும் மனசுக்குள் கேட்டுவிடும். கேட்டது என்றே அவளும் நம்பினாள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை. மகளின் பேச்சு யாருக்கும் மனப்பாடம் இல்லையே. அவளுக்கு மெல்லிய குரல். குரல் வருவது தெரியும், வார்த்தைகளின் ஓரம் தேய்ந்து போயிருக்கும். "என்ன?" என்பாள் அம்மா. மகள் மறுபடி சொல்வாள். "என்ன சொன்னே?" மூன்றாவது முறை மகள் கையை உதறிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, விடு" என்று போய்விடுவாள். அந்த வயதுப் பெண் அம்மாவிடம் சொல்ல வேண்டியது எவ்வளவு இருக்கும்! அதில் பாதி அந்த ஒண்ணுமில்லைக்குள்ளே போயிற்று. இதற்காக அம்மா குளியலறையில் அழுதிருக்கிறாள், குழாயைத் திறந்துவிட்டு. வெளியே கேட்கும் என்று பயம்.

ஒன்பதாவது வருஷம் அவள் பெஞ்சில் தேறிப்போன ப்ளேயர்கள் நாற்பது திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் இடது பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். குழந்தைக்கும் கேட்கும். சூப்பர்வைசர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாம்புக்காது என்றும் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மாலையே கையில் கடிதம்: கவனக்குறைவு காரணமாகப் பணிநீக்கம்.

அவளைச் சுட்டது அந்த ஒரு சொல்தான். கவனக்குறைவு என்று எழுதிய கடிதத்தைக் காட்டினால் வேறெந்த இடத்திலும் கதவு திறக்காது. காதைத் தின்றது வேலைதான் என்று ஒரு காகிதம் கிடைத்தால், சட்டப்படி அவளுக்கு அங்கேயே வேறு வேலை கொடுத்தாக வேண்டும். இரண்டு காகிதத்தில் எது அவளுக்கு என்பதுதான் கேள்வி. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். அவர்கள் அனுப்பிய ஆஸ்பத்திரியில், அலமாரியும் இல்லாத கண்ணாடியும் இல்லாத ஒரு அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். இடது காது அநேகமாக இல்லை, வலது காது பாதி. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி என்ன, ஜெயித்த மாதிரிதான் என்று மகள் சொன்னாள்.

விசாரணை நாளன்று மகளும் வந்தாள். நீளமான மேஜை. ஒரு பக்கம் தொழிற்சாலை மேனேஜர், பக்கத்தில் சாட்சியாக நர்சம்மா. மேஜையின் கோடியில் விசாரணை அதிகாரி.

"ஐயா, கொஞ்சம் முகத்தை நிமிர்த்திப் பேசுங்க. வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்" என்றாள்.

"சரிம்மா, சரிம்மா" என்று அவர் நிமிர்ந்தார். நல்ல மனுஷன்தான்.

மேனேஜர் முதலில் கையேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். "எங்ககிட்ட வாங்குறவங்களுக்கே இவ்வளவு சொல்றோம் சார். சொந்த ஆளுங்க மேல அக்கறை இல்லாம இருப்போமா?" என்றார். பிறகு கோப்பைத் திறந்தார். "எட்டு வருஷ ரிப்போர்ட் இருக்கு. எல்லாத்துலயும் 'மிக நன்று'. போன வருஷம் வரைக்கும் காது அருமையா இருந்திருக்கு. இந்த ஒரு வருஷத்துல போச்சுன்னா அது எங்க வேலையால இல்ல. அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு ஆளுக்கு ஒரு ப்ளேயர் பரிசா குடுத்தோம். வீட்டுல வச்சு அலற விட்டுக் கேட்டிருப்பாங்க."

"அதை நான் பிரிக்கவே இல்லீங்க. நாளெல்லாம் காதுல வாங்கிட்டு வீட்டுலயும் போய் யாராவது கேப்பாங்களா?" என்றாள் அவள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நர்சம்மாவைப் பார்த்தார். "நீங்கதானே சோதிச்சது? சரியா கேட்டுச்சா அவங்களுக்கு?"

நர்சம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வருஷா வருஷம் சரியாத்தான் கை தூக்கினாங்க." இதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. அவள் சம்பளமும் அந்த மேனேஜர் கையெழுத்தில்தான் வருகிறது, அவளுக்கும் வீடு இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "இந்த ரிப்போர்ட் எல்லாம் உண்மையாம்மா? உண்மைன்னா உங்க மனு நிக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் உதட்டை மட்டும் அசைத்து, "சொல்லிடும்மா" என்றாள். மெய் சொல்லிக் கெட்டவனுமில்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனுமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் எந்த விசாரணையிலும் போய் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது.

அவள் சொன்னாள். அலமாரி, கண்ணாடி, கட்டைவிரல், நடுவே விட்ட இரண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். துணியால் துடைத்ததை மட்டும் சொல்லவில்லை. நர்சம்மாவின் கழுத்து சிவந்திருந்ததைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். "நெட்டச்சி உண்மையைச் சொன்னா, ஒரு மாசத்துல வாசலுக்கு அனுப்பிட்டீங்க. நான் வேற என்ன செய்யிறது?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்கள காதுக்காக அனுப்பலை சார். அட்டைப்பெட்டியில ஆள் அதிகம். ரெக்கார்டு இருக்கு" என்றார் மேனேஜர். "இந்தம்மா அன்னைக்கே சொல்லியிருந்தா மாத்தி உட்கார வச்சிருப்போம். சொன்னாத்தானே தெரியும்?"

அதிகாரி பத்து நிமிடம் எழுதினார். எழுதியதைப் படித்தார். ஆரம்பத்தில் நினைவாக நிமிர்ந்து படித்தார். இரண்டாவது வரியிலிருந்து தலை காகிதத்துக்குள் போய்விட்டது. மீசையும் மூக்குக்கண்ணாடியும்தான் அவளுக்குத் தெரிந்தன. அவளுடைய தீர்ப்பு அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது, அவளைத் தவிர. அவள் முகங்களைப் பார்த்தாள். மேனேஜர் கையேட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நர்சம்மா முந்திக்கொண்டு வெளியே போனாள். மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே நீளமான நடை. இரண்டு பக்கமும் பெஞ்சில் ஜனங்கள், அடுத்தடுத்த விசாரணைக்குக் காத்திருக்கிறவர்கள். அவள் மகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன எழுதியிருக்காரு?"

மகள் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, வலது காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னாள். மூச்சுதான் பட்டது.

"என்ன?"

மகள் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பெஞ்சில் இரண்டு பேர் திரும்பினார்கள். குரல் வந்தது, வார்த்தை வரவில்லை.

"சரியாச் சொல்லுடி. வேலை குடுக்கச் சொல்லியிருக்காரா, இல்லையா?"

இந்த முறை மகள் போய்விடவில்லை. அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். அந்த நடை முழுவதும் எதிரொலிக்கக் கத்தினாள்:

"நீ ஏமாத்திட்டேன்னு எழுதியிருக்காங்கம்மா! காது போனது நிஜம்தானாம், ஆனா நீ மறைச்சு ஏமாத்தினியாம்! அவங்க மேல தப்பே இல்லையாம்! வேலை கிடையாதாம்!"

பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். நடையின் கோடியில் நர்சம்மாவும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சு" என்றாள் அவள். "கத்தாதே."