மிச்சச் சாவிகள்

தலையணையை உயர்த்தி மனைவியைச் சாய்த்து உட்கார வைக்கும்போது, பூட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்த சீட்டு சரசரத்தது. அவளுக்குக் கண் மங்கியிருந்தாலும் காது கூர்மையாகவே இருந்தது.

"ஆறாவது டாக்டரா?" என்றாள்.

"வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. சும்மா காட்டிட்டு வந்துடலாம்."

"அஞ்சு பேரும் ஒரே பதிலத்தான் சொன்னாங்க. முதல் ஆளோடயே நிறுத்தியிருக்கணும். உங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

கிடையாதுதான். முப்பது வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்தில் அவளுடைய அறைப் பூட்டைத் திறக்கப் போனவர், மூன்றாவது சாவியிலேயே திறந்துவிட்டு, வேறு எதுவும் சேருமா என்று மிச்சச் சாவிகளையும் போட்டுப் பார்த்தார். ஒன்பதாவது உள்ளே மாட்டிக்கொண்டது. திறந்த கதவோடு மாலை வரை மல்லுக்கட்டிய மனிதரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பில்தான் கல்யாணமும் ஆனது, ஆராய்ச்சியும் பிடிபட்டது.

அவள் வேலை செய்தது தர்க்க நிரல் மொழிகளில். விதிகளைக் கொடுத்துவிட்டால் கணினி ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். தோற்றால் திரும்பி வந்து அடுத்ததை எடுக்கும். 'போதும், இனித் திரும்பாதே' என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பெயர் வெட்டு. அதெல்லாம் குறுக்கு வழி, தர்க்கத்தில் அதற்குப் பொருளே கிடையாது என்று பெரிய மண்டைகள் கைகழுவியிருந்தன. உண்டு என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். விடைகளை மூட்டையாகக் கட்டாமல் வந்த வரிசையில் அடுக்குங்கள். முதலாவதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுவதுதான் வெட்டு. பின்னால் ஒரு சாவி மாட்டிக்கொண்டு முடிவில்லாமல் இழுத்தாலும் கவலையில்லை என்றாள். அச்சுக்குக் காத்திருக்கும் அவளுடைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் உதாரணமாக நிற்பது ஒரு பூட்டுக்காரர்.

மாட்டிக்கொள்கிற சாவியே முதலில் வந்தால்? போன மாதம் இப்படிக் கேட்டு எழுதியவர், எவருடைய நிரூபணத்திலும் ஓட்டை தேடுவதால் 'ஓட்டை' என்றே பெயர் வாங்கிய சக பேராசிரியர். அதற்குப் பதில் இல்லாமல் புத்தகம் அச்சுக்குப் போகாது.

"பதில் எழுதிட்டேன். மேசை டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன், என் மாணவி வந்தா எடுத்துக் குடுங்க. சாவி உங்க கொத்துலதான் எங்கயோ கிடக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வியாழக்கிழமை எங்கயும் போகல. சரியா?"

சரி என்றார். அது அரைமனதுச் சரி என்று அவளுக்குத் தெரியும், சிரித்தாள். அவர் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரோடு திரும்புவதற்குள் போய்விட்டாள். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அறை முழுக்கப் பார்த்தார். மேசை காலியாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து, வியாழக்கிழமை மாணவி வந்தாள். கடைசி நாட்களில் மேடத்துக்கு எழுத முடிந்திருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எழுதிட்டேன்னு சொன்னாம்மா. அப்ப எழுதியிருப்பா."

கொத்தை எடுத்தார். முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது பாதி திரும்பி நின்றது. மூன்றாவது திறந்தது. உள்ளே ஒரே ஒரு தாள், கோணல்மாணலான எழுத்து. மாணவி நின்றபடியே படித்தாள். முதல் சாவியே மாட்டிக்கொண்டால் வெட்டு காப்பாற்றாது. அங்கே 'முடிவில்லாதது' என்பதே விடை. நம் வரையறை அதைத்தானே தருகிறது, இதில் ஓட்டை எங்கே?

"சரியா இருக்கா?"

"அப்பழுக்கில்லாம இருக்கு சார்." அவள் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கொத்தில் இன்னும் பத்தொன்பது சாவிகள் இருந்தன. அவர் விரல் தானாக நான்காவதைப் பிரித்துப் பிடித்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்திருந்த மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள்.

பிறகு கொத்தை மேசைமேல் வைத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் பை மாற்றி வைத்திருந்த டாக்டர் சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். டிராயர் திறந்தபடியே இருந்தது.